செடி ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: செடி எந்தப் பக்கம் வளர்கிறது, ஏன் அப்படி வளர்கிறது? மண், உரம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டி, ஒரு மிளகாய்த் தொட்டி வைத்திருக்கிறேன். மூன்றும் வெளிப்பக்கமாகவே சாய்கின்றன. குச்சி நட்டுக் கட்டினேன். கட்டுக்கு மேலே இருக்கும் நுனி மறுபடி சாய்ந்துவிட்டது. வேர் சரியாகப் பிடிக்கவில்லையா? – வாசகி, செங்காங்

பதில்: வேரைச் சந்தேகப்படாதீர்கள். தாழ்வாரத்தில் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது. நுனி அதைத் தேடிப் போகிறது. பள்ளிப் பாடத்தில் ஒளிச்சார்பசைவு என்று படித்திருப்பீர்கள். பெயரில் அசைவு இருந்தாலும் நடப்பது வளர்ச்சிதான். தண்டின் நிழல் பக்கத்துச் செல்கள் வெளிச்சப் பக்கத்துச் செல்களைவிடக் கூடுதலாக நீள்கின்றன. ஒரு பக்கம் நீண்டால் தண்டு மறுபக்கம் வளைந்துதானே ஆகவேண்டும்?

இதை முதலில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்கள் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும். கேனரிப் புல்லின் இளமுளைகளில் சிலவற்றின் நுனிக்கு மட்டும் ஒளி புகாத மூடி போட்டார்கள். அவை வளையவில்லை. அடிப்பகுதியை மறைத்து நுனியைத் திறந்துவிட்ட முளைகள் வளைந்தன. நுனி உணர்கிறது, வளைவு கீழே நடக்கிறது, நடுவில் ஏதோ ஒரு செய்தி இறங்குகிறது என்று 1880இல் எழுதினார்கள். அந்தச் செய்தி ஒரு வேதிப்பொருள் என்பதை 1920களில் டச்சு ஆய்வாளர் பிரிட்ஸ் வென்ட் காட்டினார். ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகர் என்ற ஜெல்லித் துண்டின் மேல் சிறிது நேரம் வைத்தார். பிறகு அந்த அகர் துண்டை, நுனி இழந்த முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே முளை எதிர்ப்பக்கம் வளைந்தது. அகருக்குள் இறங்கியிருந்த பொருள்தான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். உங்கள் மிளகாய்ச் செடியில் நீல ஒளியை உணரும் போட்டோட்ரோபின் என்ற புரதம் முதலில் விழித்துக்கொள்கிறது. அதன் பிறகு ஆக்சின் நிழல் பக்கம் கூடுகிறது, அந்தப் பக்கம் நீள்கிறது.

கட்டு ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது புரியும். நீங்கள் கட்டியது வளர்ந்து முடிந்த தண்டை. வளைவதோ நுனியை ஒட்டிய இளந்தண்டு. குச்சி செடியைத் தாங்கும், திசையை மாற்றாது.

தொட்டியின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கால் சுற்று மட்டும் திருப்புங்கள். இரண்டு வாரம் மறந்துவிட்டு ஒரேயடியாக அரைச் சுற்றுத் திருப்புகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தண்டு பாம்புபோல் நெளிந்து, அந்த நெளிவோடே முற்றிவிடும். முற்றிய பகுதி பிறகு நிமிராது. கையால் நிமிர்த்தப் பார்த்தால் பட்டை கிழியும். கறிவேப்பிலை ஏற்கெனவே மோசமாக வளைந்திருந்தால் 30 செ.மீ. உயரத்தில், ஓர் இலைக்காம்புக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். கீழிருந்து வரும் புதுத் தளிர்களைத் தொடக்கத்திலிருந்தே திருப்பித் திருப்பி வளர்க்கலாம். செடிக்குப் பின்னால், வீட்டுச் சுவர் பக்கம், வெள்ளை அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தால் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும், சாய்வும் குறையும்.

சாய்வைவிட நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. இலைக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, பச்சை வெளிறியிருந்தால் செடிக்கு வெளிச்சமே போதவில்லை என்று பொருள். மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் நாளுக்கு 5, 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் எத்தனை முறை திருப்பினாலும் மிளகாய் பூத்துக் கொட்டும், காய்க்காது. அங்கே பாண்டான், வெற்றிலை, கற்பூரவல்லி வையுங்கள்.

எங்கே வைத்தாலும் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. அடித்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.

கேள்வி: எங்கள் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. ஜூனில் நல்ல வெயில் விழுந்தது, கத்தரி தழைத்தது. டிசம்பரில் வெயிலே இல்லை, செடி நெடுநெடுவென்று இளைத்துப்போனது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் பருவம் மாறுமா என்ன? – வாசகர், ஈசூன்

பதில்: பகல் நேரம் மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், வித்தியாசம் பத்து நிமிடத்துக்குள். ஆனால் வெயில் வரும் பக்கம் மாறுகிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி கடந்து சில நாள் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மீதி ஆறு மாதம் தெற்கே. ஜூன் 21இல் வடக்கு வானில் 68 பாகை உயரம், டிசம்பர் 21இல் தெற்கு வானில் 65 பாகை. ஆகவே வடக்குத் தாழ்வாரத்தில் கத்தரி, தக்காளி, வெண்டையை மார்ச்சில் நட்டு ஆகஸ்ட்டுக்குள் காய் பறித்துவிடுவதே புத்திசாலித்தனம். செப்டம்பருக்குப் பிறகு கீரை, பாண்டான்.

இதில் பலர் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. கைப்பிடிச் சுவர் 1 மீட்டர் உயரமென்றால், 68 பாகையில் வரும் நண்பகல் வெயிலில் அதன் நிழல் தரையில் 40 செ.மீ. உள்ளே வரை விழும். சுவரை ஒட்டித் தரையில் வைத்த தொட்டி அந்த நிழலுக்குள்தான் உட்கார்ந்திருக்கும்! 40, 50 செ.மீ. உயரமுள்ள உறுதியான நிலைத்தட்டின் மேல் தொட்டியை ஏற்றுங்கள். தொட்டி சுவரின் மேல்விளிம்புக்குக் கீழேயே இருக்கட்டும், இலைகள் மட்டும் வெயிலைத் தொட்டால் போதும். நண்பகல் என்று நான் சொல்வது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 1 மணி. 12 மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: தொடக்கநிலை 4இல் படிக்கும் மகளுக்கு வேர் கீழ்நோக்கி வளர்வதைச் செய்துகாட்ட ஆசை. பச்சைப்பயற்றைப் பஞ்சில் போட்டு இரண்டு முறை முயன்றோம். ஒரு முறை அழுகிவிட்டது, மறுமுறை வேர் கண்டபடி போயிற்று. – தாய், தெம்பனிஸ்

பதில்: பஞ்சை விட்டுவிடுங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு காற்றை அடைக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் பயறு ஒரே நாளில் நாற ஆரம்பித்துவிடும். வேர் கண்டபடி போனதற்கும் காரணம் உண்டு: ஈரம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வேர் அதையும் தேடும். ஈரம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருந்தால்தான் புவியீர்ப்பின் வேலை தனியாகத் தெரியும்.

பத்துப் பயற்றை 8 மணி நேரம் ஊறவையுங்கள். 12 மணியைத் தாண்ட வேண்டாம். பழைய சிடி உறை போன்ற தட்டையான, தெளிவான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுத்து, சமையலறைக் காகிதத்தை நான்காக மடித்து நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து உள்ளே பரப்புங்கள். பயறுகளை 3 செ.மீ. இடைவெளியில் ஒரே வரிசையாக வையுங்கள். வெள்ளைத் தழும்பு ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே, ஒன்றில் பக்கவாட்டில் இருக்கட்டும். பெட்டியை மூடி ரப்பர் வளையம் போட்டு, நிமிர்த்தி வைத்துக் கறுப்புத் துணியால் சுற்றிவிடுங்கள். வெளிச்சம் பட்டால் இரண்டு காரணங்கள் கலந்துபோகும். தினமும் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும்.

இரண்டு நாளில் வேர் 2 செ.மீ. வரும். தழும்பு எந்தப் பக்கம் இருந்தாலும் எல்லா வேரும் கீழேதான் திரும்பியிருக்கும். இப்போது பெட்டியைக் கால் சுற்றுத் திருப்பி நிறுத்துங்கள். வேர் நுனி எங்கே இருக்கிறது என்று பிளாஸ்டிக்கின் மேல் மார்க்கரால் புள்ளி வைத்து, 2 மணி, 4 மணி கழித்தும், மறுநாள் காலையிலும் புள்ளி வையுங்கள். சில மணி நேரத்திலேயே வளைவு தெரியும், காலைக்குள் வேர் நன்றாகக் கீழே திரும்பியிருக்கும்.

மகள் "வேருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். வேர் நுனியில் தொப்பிபோல் ஒரு மூடி இருக்கிறது. அதன் செல்களுக்குள் கனமான மாவுமணிகள் உண்டு. வேரைப் பக்கவாட்டில் சாய்த்தால் மணிகள் உருண்டு புதிய அடிப்பக்கத்தில் போய்ப் படியும். அதை வைத்து வேர் கீழ்த்திசையை அறிந்து, ஆக்சினை அடிப்பக்கம் கூடுதலாக அனுப்புகிறது. இதில்தான் ஒரு நுட்பம். தண்டில் ஆக்சின் கூடினால் செல் நீளும், வேரில் அதே அளவு கூடினால் நீட்சி தடைபடும். வேரின் அடிப்பக்கம் பின்தங்க, மேல்பக்கம் முந்த, வேர் கீழே வளைகிறது. தண்டிலோ அடிப்பக்கம் முந்துகிறது, குருத்து மேலே எழுகிறது. ஒரே பொருள், இரண்டு திசை. செடியைப் பற்றி நான் அறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கூடுதலாக ஒன்று செய்யலாம், பெரியவர் கை வேண்டும். திருப்புவதற்கு முன் இரண்டு வேர்களின் நுனியை 1 மி.மீ. மட்டும் பிளேடால் சீவுங்கள். அவை நீளும், ஆனால் சில மணி நேரத்துக்கு வழி தெரியாமல் பக்கவாட்டிலேயே போகும். அதிகம் வெட்டினால் வளர்ச்சியே நின்றுவிடும், அப்போது சோதனை எதையும் காட்டாது.

இதெல்லாம் ஈரத்தால் அல்லவா என்று யாராவது கேட்டால் 1806இல் ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் தாமஸ் நைட் செய்ததைச் சொல்லச் சொல்லுங்கள். ஓடும் தண்ணீரால் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டினார் அவர். சுழற்சி வெளிப்பக்கம் இழுக்க, வேர்கள் சக்கரத்தின் வெளிப்பக்கமும் குருத்துகள் நடுப்பக்கமும் வளர்ந்தன. எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறதோ அதுதான் வேருக்குக் கீழ்.

கேள்வி: சமூகத் தோட்டத்தில் முருங்கைப் போத்து நட்டோம். ஆறு வாரமாகத் துளிர்க்கவில்லை. தலைகீழாக நட்டிருப்போமோ என்று நண்பர் கேட்கிறார். அப்படி நட்டால் முளைக்காதா? – வாசகர், சுவா சூ காங்

பதில்: தடுமாறும். ஆக்சின் தண்டில் குருத்து முனையிலிருந்து அடிமுனை நோக்கி இறங்குவது செல்லுக்குச் செல் அமைந்துவிட்ட வழி. தலைகீழாக நட்டாலும் வேர் விடும் தன்மை பழைய அடிமுனையிலேயே இருக்கும், அதுவோ இப்போது காற்றில். இலை உதிர்ந்த தழும்பைப் பாருங்கள்: மொட்டு எப்போதும் தழும்புக்கு மேலே இருக்கும். உங்கள் போத்தில் மொட்டு தழும்புக்குக் கீழே தெரிந்தால் நண்பர் சொன்னது சரி. அடுத்த முறை வெட்டும்போதே அடிமுனையைச் சரிவாகவும் மேல்முனையைத் தட்டையாகவும் வெட்டிவிட்டால் குழப்பம் வராது. 60 முதல் 90 செ.மீ. நீளம், மணிக்கட்டுப் பருமன், வெட்டு காய இரண்டு மூன்று நாள் நிழல், பிறகு மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள். தண்ணீர் தேங்கினால் சரியாக நட்ட போத்தும் அழுகும்.

கேள்வி: புடலங்காய் நுனியில் கல் கட்டுவது மூடநம்பிக்கையா? – வாசகி, தோ பாயோ

பதில்: இல்லை. காயின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சற்றே கூடுதலாக நீண்டால் அது சுருளும். இளங்காயில் தொங்கும் சிறு எடை அதை நேராக இழுத்துப் பிடிக்கிறது. காய் ஒரு சாண் நீளம் வந்ததும் எலுமிச்சை அளவுக்கும் சிறிய கல்லைத் தளர்வான நூலில் கட்டுங்கள். பெரிய கல் காம்பை முறித்துவிடும். சுருண்டு முற்றிய காய்க்குக் கல் கட்டிப் பயனில்லை. காய் தடையின்றித் தொங்கப் பந்தல் 2 மீட்டர் உயரமாவது இருக்கட்டும்.

கேள்வி: அறைக்குள் விளக்கு வைத்துக் கீரை வளர்க்கிறேன். சிவப்பு விளக்குதான் விளைச்சல் தரும் என்று வாங்கினேன். நாற்றெல்லாம் நீண்டு விழுகின்றன. – வாசகர், பொங்கோல்

பதில்: சிவப்பு ஒளியில் செடி உணவு தயாரிக்கும், ஆனால் தண்டைக் கட்டுக்குள் வைப்பதில் நீல ஒளிக்குப் பெரும் பங்கு உண்டு. தனிச் சிவப்பில் நாற்று நெட்டையாகத்தான் போகும். சாதாரண வெள்ளை எல்இடி விளக்கில் நீலம் போதுமான அளவு இருக்கிறது, 4000 முதல் 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். நாற்றுக்கு 20 முதல் 30 செ.மீ. மேலே, நேர் உச்சியில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். பக்கவாட்டில் வைத்தால் கீரை முழுவதும் அந்தப் பக்கம் படுத்துவிடும். இலை வெளுத்துச் சுருண்டால் விளக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, ஒரு கை அளவு உயர்த்துங்கள்.

கேள்வி: ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் பூந்தண்டு சன்னல் பக்கம் வளைகிறது. அதையும் மிளகாய்போல் திருப்பலாமா? – வாசகி, குவீன்ஸ்டவுன்

பதில்: திருப்ப வேண்டாம். இந்த மொட்டுகள் மலர்வதற்கு முன் தம் காம்பை முறுக்கி, உதடு எனப்படும் இதழ் கீழே வரும்படி நிலை எடுக்கின்றன. அதற்குப் புவியீர்ப்பே வழிகாட்டி, ஒளியும் சேர்ந்துகொள்கிறது. நடுவில் தொட்டியைத் திருப்பினால் விரிந்த பூ ஒரு பக்கமும் புது மொட்டு வேறு பக்கமும் பார்த்து நிற்கும். பூந்தண்டு 15 செ.மீ. வந்ததும், இளசாக இருக்கும்போதே, மெல்லிய குச்சியோடு கிளிப்பால் தளர்வாகப் பிடித்துவிட்டு, சன்னல் பக்கம் பார்த்தபடியே விடுங்கள். கடைசி மொட்டு விரிந்த பிறகு தொட்டியை விருப்பம்போல் கூடத்துக்குக் கொண்டுவரலாம்.