கம்பெனி ரகசியத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பது துரோகமா?

கேள்வியைப் பார்த்தால் உங்கள் கையில் ஏதோ காகிதம் இருக்கிறது, தூக்கம் போய்விட்டது என்று தெரிகிறது.

துரோகி என்ற பட்டம் எனக்கும் கிடைத்தது, செய்யாத காரியத்துக்கு. ஓர் உதிரிபாகக் கம்பெனியின் சம்பளப் பிரிவில் இருந்தேன். ஆட்குறைப்புப் பட்டியல் மாலைப் பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டது. மறுநாள் எங்கள் பிரிவில் எல்லாருடைய போனையும் எச்.ஆர். வாங்கி வைத்துக்கொண்டார். "சோறு போட்ட கம்பெனிக்கே இப்படியா?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார். பத்திரிகையில் வந்த படத்திலோ இரண்டு பெயர்கள் பச்சை மையில் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. எங்கள் பிரதியில் அந்தத் திருத்தமே கிடையாது. பச்சை மைப் பேனாக்காரர்கள் மாடியில் இருந்தார்கள். மாடியில் யார் போனையும் யாரும் கேட்கவில்லை.

அதனால் சொல்கிறேன்: விசுவாசத்தைப் பிறகு பார்க்கலாம், செய்தி வந்தால் யார் தலை உருளும் என்று முதலில் பாருங்கள். விலைப்பட்டியல், டெண்டர் தொகை மாதிரி விஷயமென்றால் வாயைத் திறக்காதீர்கள், அது வாங்கும் சம்பளத்துக்கு நியாயம். மக்கள் உயிர் சம்பந்தப்பட்டதென்றால் கதை வேறு. ரான்பாக்ஸி என்ற இந்திய மருந்துக் கம்பெனியில் பரிசோதனைத் தரவுகள் பொய் என்று கண்ட, அங்கே வேலை பார்த்த தினேஷ் தாக்கூர் 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம்தான் போனார். 2013-ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. தகவல் கொடுத்தவருக்குப் பங்கு தர அங்கே சட்டம் இருந்தது, அவருக்கும் கிடைத்தது.

இங்கே? நெடுஞ்சாலை ஊழல் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தகவல் சொல்பவர்களைக் காக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறியும் அமலுக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்குத்தான், உங்கள் முதலாளிக்கு இல்லை.

உடனே "பயந்தாங்கொள்ளி", "கம்யூனிஸ்ட்" என்று இரண்டு பக்கமும் திட்ட வருவார்கள், வரட்டும். எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், வீட்டுக் கடன் இருந்தது. கொடுத்தே தீருவதென்றால் ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் வைஃபை பக்கமே போகாதீர்கள், வக்கீலிடம் முதலில் பேசுங்கள்.

விசுவாசம் பற்றிப் பாடம் எடுத்த அதே கம்பெனி, நான் ராஜினாமா கொடுத்ததும் மூன்று மாத நோட்டீஸ் என்று பிடித்து வைத்து, ரிலீவிங் லெட்டரையும் இழுத்தடித்தது. ஆட்குறைப்பில் போனவர்களுக்கு மட்டும் அன்று மாலையே கேட்டைக் காட்டினார்கள். அந்த நோட்டீஸ் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.