பாதிப் படத்தில் செத்துப்போன போலீஸ்காரர்

சென்ற இதழில், கதாநாயகன் பாதியிலேயே செத்துவிடுகிற ஒரு லண்டன் போலீஸ் படம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் பெயரைப் போட மறந்துவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே போகட்டும்.

கே: படத்தின் பெயரைச் சொல்லுங்கள். கதையைச் சொல்ல வேண்டாம்.

ப: ‘தி ப்ளூ லேம்ப்’. 1950 ஜனவரியில் வந்தது. ஈலிங் ஸ்டூடியோ தயாரிப்பு, பேசில் டியர்டன் இயக்கம். கருப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. கதையைச் சொல்ல வேண்டாம் என்கிறீர்கள். சாவையே போன இதழில் போட்டு உடைத்த பிறகு மிச்சத்தை ஒளித்து என்ன ஆகப் போகிறது?

பாடிங்டன் க்ரீன் போலீஸ் ஸ்டேஷன். ஜார்ஜ் டிக்சன் என்று ஒரு கான்ஸ்டபிள், ரிட்டயர் ஆகும் வயதை நெருங்கியவர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆண்டி மிட்சலைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்கிறார். டிக்சன் தம்பதியின் ஒரே மகன் போரில் போய்விட்டான். அந்த அறையில் இந்தப் பையன் இருப்பது அந்த அம்மாளுக்கு எப்படி இருக்கும் என்பதைப் படம் வசனத்தில் சொல்வதே இல்லை, நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு பக்கம் டாம் ரைலி, ஸ்பட் என்று இரண்டு இளவட்டங்கள். சின்னச் சின்னத் திருட்டில் ஆரம்பித்து ஒரு சினிமா தியேட்டரின் வசூல் பணத்துக்குக் கை வைக்கிறார்கள். அங்கே டிக்சன் வந்துவிடுகிறார். அவர் கையில் ஒன்றும் இல்லை, ரைலி கையில் துப்பாக்கி. டிக்சன் நின்று யோசிக்கவில்லை, அவனை நோக்கி நடக்கிறார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிழைத்துவிடுவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம்.

கே: பஞ்ச் வசனம் இல்லை, அடிதடி இல்லை என்று எழுதுகிறீர்கள். போரடிக்காதா?

ப: முதல் அரை மணி நேரம் பொறுமை வேண்டும், பொய் சொல்ல மாட்டேன். அந்த அரை மணி நேரத்தில் போலீஸ்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நடக்கிறார்கள். தெருவில் தள்ளுவண்டி போட்டிருக்கிறவனை நகரச் சொல்கிறார்கள். வீட்டை விட்டு ஓடிப்போன பெண்ணைத் தேடுகிறார்கள். கேன்டீனில் டீ குடிக்கிறார்கள், டார்ட் எறிகிறார்கள், ஸ்டேஷன் பாட்டுக் குழுவில் சேர்ந்து பாடிப் பழகுகிறார்கள். ஆமாம், பாட்டுக் குழு! வேல்ஸ்காரர் ஒருவர் அதை நடத்துகிறார். திரைக்கதை எழுதிய டி.ஈ.பி. கிளார்க் போர்க்காலத்தில் தானே ரிசர்வ் போலீஸ்காரராக இருந்தவர். உள்ளே இருந்து பார்த்தவர் என்பது இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில் தெரிகிறது.

போரடிக்கிறது என்று நீங்கள் கொட்டாவி விடும் அந்த நேரத்தில்தான் படம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. டிக்சனோடு அத்தனை தெரு நடந்த பிறகு குண்டு படும்போது, யாரோ ஒரு போலீஸ்காரருக்குப் பட்ட மாதிரி இருக்காது.

அதைவிட எனக்குப் பெரிய காட்சி அதற்கு அப்புறம் வருவது. திருமதி டிக்சன் வீட்டில் பூக்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. மிட்சல் உள்ளே வருகிறான். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை; முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடுகிறது. அலறல் இல்லை. இந்தப் பூவையெல்லாம் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும் என்கிறார். கை பூவை விடவில்லை. பின்னணி இசை வந்து நம் தோளைத் தட்டி ‘அழு’ என்று சொல்லவும் இல்லை. கிளாடிஸ் ஹென்சன் என்ற அந்த நடிகையின் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நான் வைத்திருக்கிறேன்.

கே: வில்லன் யார்?

ப: டர்க் போகார்ட். அப்போது இருபத்தெட்டு வயது. ஒல்லி, அழகு, நிலைகொள்ளாத கண். துப்பாக்கியை எடுத்துக் காட்டித் தன் காதலியையே பயமுறுத்திப் பார்ப்பான். அவள் நடுங்குவதில் அவனுக்கு ஒரு போதை. உண்மையைச் சொன்னால் படத்தில் மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்களாக நடிக்க, இவர் ஒருவர்தான் மனிதனாக நடித்திருக்கிறார். டிக்சனாக வரும் ஜாக் வார்னரை மட்டும் இதில் சேர்க்க மாட்டேன். இன்ஸ்பெக்டராக வருகிறவரை எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். அவர் பெர்னார்ட் லீ, பின்னாளில் ஜேம்ஸ் பாண்டின் மேலதிகாரி ‘எம்’.

கே: போலீஸ்காரர் ஏன் துப்பாக்கி வைத்திருக்கவில்லை? அது என்ன நீல விளக்கு?

ப: பிரிட்டனில் ரோந்து போகும் சாதாரணக் கான்ஸ்டபிள் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. அன்றும் இல்லை, இன்றும் பெரும்பாலும் இல்லை. விளக்கு, 1861 முதல் லண்டன் ஸ்டேஷன் வாசல்களில் தொங்கியது. போ ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் மட்டும் வெள்ளை விளக்கு. கணவர் இறந்த நீல அறை ஞாபகம் வருகிறது என்று விக்டோரியா மகாராணி மாற்றச் சொன்னாராம். கதை நன்றாக இருக்கிறது, கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இது போலீஸுக்கு விளம்பரப் படம்தானே? நீங்கள் ஏன் இப்படி உருகுகிறீர்கள்?

ப: கோபமான கடிதம், ஆனால் நியாயமான கேள்வி. ஆமாம், லண்டன் மாநகரப் போலீஸ் முழு ஒத்துழைப்புக் கொடுத்த படம். லஞ்சம் வாங்குகிற ஒரு ஆள்கூட அந்த ஸ்டேஷனில் கிடையாது. இன்னும் வேடிக்கை, பழைய திருடர்களும் போலீஸ் பக்கம். கடைசியில் ரைலி ஒயிட் சிட்டி ஸ்டேடியத்தின் நாய்ப் பந்தயக் கூட்டத்துக்குள் ஒளிகிறான். பந்தயப் பணம் வாங்குகிறவர்களுக்கு விலை சொல்ல மைதானத்தில் கையசைத்துச் சைகை காட்டும் ஆட்கள் உண்டு. அதே சைகையால் அவன் எங்கே நிற்கிறான் என்று காட்டிக்கொடுக்கிறார்கள். அந்தச் சைகைக் காட்சி அபாரம். ஆனால் திருடர்களிலும் ஒழுங்கானவர்கள் இருந்தார்கள், இந்தக் காலத்துப் பையன்கள்தான் கெட்டுவிட்டார்கள் என்ற வாதம் இருக்கிறதே, அதை நான் நம்பவில்லை.

நிஜம் எவ்வளவு சிக்கலானது என்பதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1952 நவம்பரில் க்ராய்டனில் ஒரு கிடங்கின் கூரைமேல் சிட்னி மைல்ஸ் என்ற கான்ஸ்டபிள் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் கிறிஸ்டோபர் கிரெய்க், வயது 16. தூக்கில் போட முடியாத வயது. கூட இருந்த டெரெக் பென்ட்லிக்கு 19. சுடவில்லை, ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தான். 1953 ஜனவரி 28 அன்று அவனைத் தூக்கிலிட்டார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று 1998-இல் ரத்தானது. இந்தப் படத்தை முடித்த கையோடு அந்த வழக்கைப் படியுங்கள் என்பேன். உருகுவதும் குறையாது, கேள்வியும் மிஞ்சும்.

கே: செத்துப்போன டிக்சன் டி.வி. தொடரில் வந்தாராமே? பேயாகவா?

ப: பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஜனங்களுக்கு அவரை விட மனசில்லை. படத்தின் மூலக்கதையில் பங்குள்ள டெட் வில்லிஸ், 1955-இல் பிபிசிக்காக அவரை எழுப்பி உட்கார வைத்தார். ‘டிக்சன் ஆஃப் டாக் க்ரீன்’. சுட்டது, செத்தது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1976 வரை 432 பகுதிகள். முடியும்போது ஜாக் வார்னருக்கு வயது 80! அந்த வயதில் திருடனை எப்படித் துரத்துவது? உட்கார்ந்த இடத்திலேயே வழக்கை முடித்தார்.

கே: படத்தில் வரும் இடங்களை இப்போது பார்க்க முடியுமா?

ப: என்னைக் கேட்பதற்குச் சரியான கேள்வி. நான் பல வருடம் ஹாரோ ரோடு வழியாக 18-ஆம் நம்பர் பஸ் ஓட்டியவன். ஓட்ட ஆரம்பித்து வெகு காலம் கழித்துத்தான் படத்தைப் பார்த்தேன். பார்த்த மறுநாள் காலை ஷிஃப்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் டிக்சனைத் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. ஸ்டேஷனைச் சுற்றியிருந்த தெருக்கள் மேம்பாலத்துக்குப் போய்விட்டன. டிக்சன் சுடப்படும் கொலீசியம் தியேட்டர் கால்வாய்ப் பாலத்தை ஒட்டி இருந்தது. 1956-இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். ஒயிட் சிட்டி ஸ்டேடியம் 1985-இல் போயிற்று. பழைய நீல விளக்கை மட்டும் கழற்றிக்கொண்டுவந்து புது ஸ்டேஷன் வாசலில் மாட்டினார்கள். அந்தப் புது ஸ்டேஷனையும் 2018-இல் மூடிவிட்டார்கள்.

படம் எப்படி முடிகிறது என்று சொல்லவில்லையே. ஆரம்பத்தில் டிக்சன் தெருவில் ஒருவருக்கு வழி சொல்வார். கடைசியில் அதே மாதிரி ஒருவர் வந்து கேட்க, மிட்சல் நின்று சொல்கிறான். நான் அந்த ரூட்டில் இருந்தவரை பாடிங்டன் ரயில் ஸ்டேஷனுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று தினமும் யாராவது ஒருவர் ஏறிக் கேட்பார்கள். படம் பார்ப்பதற்கு முன்னால், கை காட்டுவதோடு சரி.