கடல் பூஞ்சையில் மருந்து இருக்கிறதா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கடல் பூஞ்சைகள் தரும் பெப்டைடுகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

செந்தில்: கடலில் பூஞ்சையா? அது ஈரச் சுவரிலும் பழைய ரொட்டியிலும் வருவதுதானே?

பெரும்பாலும் அதே குடும்பம்தான். அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் எல்லாம் கடலிலும் தாராளமாகக் கிடைக்கும்: கடற்பஞ்சுக்குள், பாசியின் மேல், அலையாத்திக் காட்டில் அழுகிக் கிடக்கும் கட்டையில், கடலடிச் சேற்றில். அங்கே உப்பையும் தாங்க வேண்டும், நெருக்கியடிக்கும் பாக்டீரியாவையும் சமாளிக்க வேண்டும். அதற்காகச் செய்துகொள்ளும் வேதிப்பொருட்களில் ஒரு பகுதி பெப்டைடுகள், அதாவது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள், பல சமயம் வளையங்கள்.

மஞ்சுளா: இத்தனை வருட ஆராய்ச்சியில் ஒரு மருந்தாவது கடைக்கு வந்ததா மேடம்?

வந்தது, உங்கள் வீட்டிலேயே யாராவது சாப்பிட்டிருப்பார்கள். செஃபிக்சிம் மாத்திரை, செஃப்ட்ரியாக்சோன் ஊசி என்று இன்று எழுதித் தரும் செஃபலோஸ்போரின் மருந்துகளுக்கெல்லாம் மூலம், இத்தாலியின் சார்டினியா தீவில் கால்யாரி நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் 1945இல் ஜூசெப்பே பிரோட்சு எடுத்த ஒரு பூஞ்சை. ஊரில் டைஃபாய்டு அவ்வளவு கடுமையாக இல்லையே, அந்தத் தண்ணீரில் எதுவோ கிருமியை அடக்குகிறதோ என்று தேடப் போனவர் அவர். 1948இல் எழுதி வெளியிட்டார், பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது, அங்கே எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் 1950களில் செஃபலோஸ்போரின் சி-யைப் பிரித்தெடுத்தார்கள். பூஞ்சை முதலில் அமினோஅடிபிக் அமிலம், சிஸ்டீன், வாலின் மூன்றையும் ஒரு பெப்டைடாகக் கோக்கிறது, அப்புறம்தான் அதை மடித்து வளையமாக்குகிறது. செஃபலோஸ்போரின் சி-யின் வீரியம் குறைவுதான், ஆனால் பெனிசிலினை உடைக்கும் நொதியால் இதை எளிதில் உடைக்க முடியவில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே விடாமல் பக்கச் சங்கிலிகளை மாற்றிப் பார்த்தார்கள், 1964இல் செஃபலோதின் விற்பனைக்கு வந்தது.

சாக்கடையோடு வந்து சேர்ந்ததைக் கடல் பூஞ்சை என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம், நியாயமான கேள்விதான். மருந்து தேடும் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

பெயர் வேண்டாம்: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். பிளினபுலின் என்று ஒரு கடல் மருந்து எல்லாவற்றையும் குணமாக்கும் என வாட்ஸ்அப்பில் வந்தது. வாங்க முடியுமா அக்கா?

இல்லைம்மா, அந்தச் செய்தியை நம்ப வேண்டாம். பஹாமாஸ் பகுதியில் ஹலிமீடா என்ற பாசியில் இருந்த அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஹாலிமைடு என்ற பொருளைத் தந்தது, இரண்டே அமினோ அமிலங்கள் வளையமானது. அதைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கியதுதான் பிளினபுலின். டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்த மூன்றாம் கட்டச் சோதனையில் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 9.4 மாதத்திலிருந்து 10.5 மாதமானது, அவ்வளவுதான். கீமோவால் வெள்ளணுக்கள் குறைவதைத் தடுக்க அனுமதி கேட்டபோது அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2021இல் தரவில்லை. அப்பாவுக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள். கடல்பாசிப் பொடி என்று யாராவது விற்றால் கீமோ நடக்கும்போது தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

இம்ரான்: பெப்டைடு என்றால் வயிற்றில் செரித்துவிடுமே, இன்சுலின் மாதிரி ஊசிதானா?

நீளச் சங்கிலி என்றால் பெரும்பாலும் ஆமாம். வளையமாக இருந்தால் நொதிக்குப் பிடி கிடைப்பது கஷ்டம். உறுப்பு மாற்று சிகிச்சையில் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மண் பூஞ்சையில் வந்ததுதான், ஆனாலும் நல்ல பாடம்: 11 அமினோ அமில வளையம், அதில் 7 இடத்தில் நைட்ரஜனில் மெத்தில் என்ற சிறு கார்பன் தொகுதி ஒட்டியிருப்பதால் வாய்வழியாகவே கொடுக்க முடிகிறது. கடல்புல்லில் இருந்த ஃபுசேரியம் தந்த சான்சால்வமைடும் வளையம்தான், ஆனால் அதில் ஒரு எஸ்டர் பிணைப்பு இருக்கிறது, அங்கேதான் உடையும் என்பதால் அதைப் பெப்டைடுகளில் வழக்கமாக இருக்கும் அமைடு பிணைப்பாக மாற்றிச் செய்து பார்த்தார்கள்.

கவிதா, எம்எஸ்சி: முதலில் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை நன்றாகத் தடுத்த என் பூஞ்சை, சில மறுவளர்ப்புக்குப் பிறகு ஒன்றுமே செய்யவில்லை. எங்கே தப்பு?

உன் மேல் தப்பில்லை, இது எல்லோருக்கும் நடக்கும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்ற மாற்ற அது சோம்பிவிடும், அதனால் முதல் தட்டிலேயே கிளிசராலில் எடுத்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் அதிலிருந்து மறுபடி தொடங்கு. இல்லையென்றால் வளர்ப்பு ஊடகத்தை மாற்று, குலுக்கியில் வளர்த்ததைக் கடல்நீர் ஊற்றிய அரிசியில் அசையாமல் விட்டுப் பார். பக்கத்தில் ஒரு பாக்டீரியாவையும் விடு: பப்புவா நியூகினியில் எடுத்த எமெரிசெல்லா பூஞ்சையை சாலினிஸ்போராவோடு சேர்த்து வளர்த்தபோது எமெரிசெல்லமைடு என்ற பெப்டைடின் உற்பத்தி 100 மடங்கு கூடியது, 2007இல் வந்த வேலை, அவசியம் படி. அப்புறம் ஒன்று, கரைப்பான் மட்டும் நனைத்த வெற்றுக் காகித வட்டும் அதே தட்டில் இருந்ததா? எத்தில் அசிடேட் கரைப்பான் சரியாக உலராமல் வைத்தாலே, கிருமி வளராத அழகான வளையம் தெரியும், நான் பார்க்கும் பல படங்களில் அந்த வெற்று வட்டே இல்லை.

ராஜா: பிச்சாவரத்தில் நாமே போய் மாதிரி எடுக்கலாமா?

வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, அவர்களோடு சேர்ந்து போவதுதான் எளிது. எடுத்துவந்த தட்டை வீட்டு மேஜையில் வைத்துத் திறக்காதீர்கள், அஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.