பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஏழு மாதமாக வயலின் கற்றுக்கொள்கிறேன். ஒரு சுரம் பிசகினாலும் கை தானாக நின்றுவிடுகிறது. மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பேன். அரை மணி நேரம் இப்படியே போய், எரிச்சலோடு வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். ‘தவறு வரத்தான் செய்யும், ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்கிறார் ஆசிரியர். ஏற்றுக்கொண்டால் அந்தத் தவறே கையில் பழகிவிடாதா? போதாக்குறைக்கு, சேர்ந்த புதிதில் இருந்ததைவிட இப்போதுதான் அதிகம் பிசகுவதாகத் தோன்றுகிறது. இந்த வயதுக்கு மேல் இது எனக்கு வராதோ?

பதில்: கடைசிச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பிசகு கூடியிருக்காது, உங்கள் காது தேறியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். விரல் எங்கே விழ வேண்டும் என்று காட்டும் கட்டைகள் வயலினில் கிடையாது. சுருதி சேர்ந்ததா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் காதுக்கே அது பிடிபடாது. அதனால் எல்லாம் சுமாராகப் போவதுபோல இருந்திருக்கும். இப்போது காது முந்திக்கொண்டது, விரல் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. நல்ல வாசிப்பைப் பல வருடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடைவெளி குழந்தைகளைவிட அதிகமாக உறுத்தும். வயதைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

தவறு பழகிவிடும் என்ற பயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. கற்பித்தலை ஆராய்ந்தவர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், மாணவர் தவறுவதற்கு இடமே கொடுக்காமல் பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நறுக்கித் தரும் ‘கற்பிக்கும் இயந்திரத்தை’ உருவாக்கினார். நினைவாற்றல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் ‘தவறில்லா’ வழி உண்மையிலேயே உதவுகிறது. தவறாகச் சொன்னது அவர்கள் மனதில் தங்கிவிடும், அதைத் திருத்திச் சொன்னது தங்காது.

மற்றவர்கள் விஷயம் வேறு. கோர்னெல், ஹேஸ், பியார்க் ஆகிய மூவரும் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், விடை தெரியாமல் ஊகித்து, தவறிவிட்டு, உடனே சரியான விடையைப் பார்த்தவர்கள்தான் பின்னால் அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஊகிக்காமல் நேரே விடையைப் படித்தவர்கள் அந்த அளவுக்கு வரவில்லை. இன்னொரு வியப்பான முடிவும் உண்டு. ‘இதுதான் சரி’ என்று அடித்துச் சொன்ன தவறுகள், அரைமனதோடு சொன்ன தவறுகளைவிட எளிதில் திருந்துகின்றன என்று பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் 2001இல் காட்டினார்கள். நம்பியது பொய்த்துப்போகும்போது மனம் திடுக்கிட்டுக் கவனிக்கிறது.

இவையெல்லாம் சொற்களையும் பொது அறிவையும் வைத்துச் செய்தவை. விரலுக்கு ஒரு முறை திருத்தினால் போதாது, பல முறை வேண்டும். ஆனாலும் தவறு எப்போது ஒட்டிக்கொள்ளும் என்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை: திருத்தாமல் திரும்பத் திரும்பச் செய்யும்போது. இப்போது உங்கள் அரை மணி நேரத்தைப் பாருங்கள். முதல் வரியிலிருந்து வேகமாக வருகிறீர்கள், அதே இடத்தில் தடுக்கி விழுகிறீர்கள், திரும்பிப் போகிறீர்கள். முதல் நான்கு வரிகள் மெருகேறிக்கொண்டே போகின்றன. பிசகும் இடம் தீண்டப்படாமல் கிடக்கிறது. அந்த இடம் வந்தால் பிசகி நிற்க வேண்டும் என்பதைத்தான் கை இப்போது சாதகம் செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் அஞ்சுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. தவறைப் பொறுத்துக்கொண்டதால் அல்ல, பொறுக்க முடியாமல் ஓடிப்போவதால்.

ஆசிரியர் சொன்ன ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்பதை மனநிலையாக எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். தவறும்போது மனம் சுருங்காமல் இருக்க யாராலும் முடியாது. கை தவறிய கணத்திலிருந்து பத்தில் ஒரு நொடிக்குள் மூளையில் ஒரு மின் அலை எழுவதை 1990களின் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட்டார்கள். வருத்தப்படலாமா என்று நீங்கள் யோசிப்பதற்கு முன்பே அது வந்துபோய்விடும். அதற்குச் சற்றுப் பின்னால், தவறை உணர்ந்து கவனிப்பதோடு தொடர்புடைய இரண்டாவது அலை ஒன்று வரும். திறமையை வளர்த்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த இரண்டாவது அலை பெரிதாக இருந்தது, தவறிய உடனே அடுத்ததைச் சரியாகச் செய்வதிலும் அவர்கள் முந்தினார்கள் என்று மோசரும் அவர் குழுவும் 2011இல் கண்டார்கள். சிறிய ஆய்வுதான், அதைப் பெரிதாக ஊத வேண்டாம். உங்களுக்கு அதிலிருந்து வேண்டியது இவ்வளவே: சுருக்கென்று குத்துவது உங்கள் கையில் இல்லை. அடுத்த சில நொடிகளில் என்ன செய்கிறீர்கள் என்பது இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை அந்தச் சில நொடிகளுக்கான வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலை எது என்பது தவறைப் பொறுத்தது. இன்று இங்கே, நாளை அங்கே என்று இடம் மாறி வரும் பிசகுகளை விட்டுவிடுங்கள். கை இன்னும் நிலைப்படவில்லை என்பதற்கு மேல் அவற்றுக்கு அர்த்தம் இல்லை, அவற்றைத் துரத்தினால் நேரம்தான் போகும். ஒரே இடத்தில் ஒரே மாதிரி மூன்று முறை வந்தால் அது வேறு ஜாதி. பென்சிலால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு சுரங்களிலிருந்து பிந்தைய ஒன்றிரண்டு வரை மட்டும் எடுத்துக்கொண்டு, தவறவே முடியாத அளவுக்கு வேகத்தைக் குறைத்து வாசியுங்கள். பெரும்பாலும் குற்றவாளி பிசகிய சுரமாக இருக்காது. அதற்கு முந்தைய சுரத்தில் விரல் தாமதமாகக் கிளம்பியிருக்கும், அல்லது வில் தவறான பக்கம் தீர்ந்துபோயிருக்கும். மூன்றாவது வகை, என்ன வாசிக்க வேண்டும் என்பதே மனதில் தெளிவாக இல்லாமல் வருவது. அதற்கு வயலினைக் கீழே வைத்துவிட்டு வாயால் பாடிப் பாருங்கள். பாட வராத இடம் வாசிக்கவும் வராது.

திருத்துவதும் முழுதாக வாசிப்பதும் தனித்தனி வேலைகள். இரண்டையும் கலக்கிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். சாதக நேரத்தின் பெரும்பகுதி மேலே சொன்ன துண்டு வேலைக்குப் போகட்டும். கடைசியில் ஒரு முறை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசியுங்கள், கூரை இடிந்தாலும் நிற்காமல். பிசகியபின் தாளத்தை விடாமல் அடுத்த சுரத்துக்குப் போவது தனியாகப் பழக வேண்டிய ஒரு திறமை. பிசகிய உடனே நிற்பவர் அதை ஒரு நாள்கூடப் பழகியிருக்க மாட்டார். நாலு பேர் முன்னால் வாசிக்கும்போது அது தெரிந்துவிடும்.

துண்டுகளைக்கூட வரிசையாக ஒவ்வொன்றாக முடிக்காமல் மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். ஷே, மோர்கன் இருவரும் 1979இல் செய்த சோதனை இந்தத் துறையில் புகழ்பெற்றது. மூன்று கை அசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள். ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்கள் மளமளவென்று தேறினார்கள். பிறகு சோதித்தபோது கலந்து பழகியவர்கள்தான் முன்னால் நின்றார்கள். இன்றைய அரை மணி நேரத்தில் எத்தனை பிசகு என்று எண்ணிக் கற்றதை அளப்பது வீண் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். மூன்று நாள் கழித்து அதே இடம் எப்படி வருகிறது என்று பாருங்கள்.

‘என்னை நானே திட்டிக்கொள்ளாவிட்டால் சோம்பேறியாகிவிடுவேன்’ என்று பலர் சொல்வார்கள். உங்கள் கடிதத்திலும் அந்த வாடை அடிக்கிறது. பிரைனெஸ், சென் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில் தங்களிடம் பரிவோடு இருக்கும்படி சொல்லப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். திட்டு வாங்கியவர் வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். நீங்கள் செய்வதும் அதுதானே? இதற்காகக் கண்ணாடி முன் நின்று உங்களைப் பாராட்டிக்கொள்ளச் சொல்லவில்லை, எனக்கே அது கூச்சமாக இருக்கும். வேறொருவர் இப்படிப் பிசகினால் என்ன சொல்வீர்களோ அதைச் சொல்லிக்கொண்டால் போதும்.

ஆசிரியரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிசகுக்கும் அங்கேயே நிறுத்தித் திருத்துபவராக இருந்தால், ஒரு பகுதி முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். முடித்ததும் எங்கே பிசகியது, ஏன் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு அவர் சொல்லட்டும். வின்ஸ்டைன், ஷ்மிட் ஆகியோரின் 1990ஆம் ஆண்டு சோதனையில், ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவு சொல்லப்பட்டவர்களைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டவர்கள் அசைவைப் பின்னாளில் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். எப்போதும் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் நம் காது வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது.

இவ்வளவும் தவறினால் ஒன்றும் கெட்டுப்போகாத இடங்களுக்கு. மின்கம்பியைத் தொடுவது, கார் ஓட்டுவது போன்றவற்றில் முதலில் தவறு மலிவாக இருக்கும் சூழலை உண்டாக்கிக்கொண்டுதான் பழக வேண்டும். விமானிகளுக்கு எட்வின் லிங்க் 1929இலேயே தரையில் நிற்கும் பயிற்சிப் பெட்டியைச் செய்துகொடுத்தது அதற்காகத்தான். உங்கள் வயலினில் அப்படி ஓர் ஆபத்து உண்டு: தோளிலோ கழுத்திலோ மணிக்கட்டிலோ வலி வந்தால் பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். அன்றைக்கு நிறுத்திவிட்டு, வயலினையும் வில்லையும் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று அடுத்த வகுப்பில் முதல் வேலையாகக் காட்டுங்கள்.