செவ்வாய்க்குப் போகிற வழியில் தாபா கிடையாது

போன இதழில், செவ்வாய்க்குப் போய்ச் சேர ஏழெட்டு மாதம் ஆகும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ராக்கெட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த கடிதங்களெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்வி: அத்தனை மாதம் உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்? சரி, இந்த முறை அதையே பார்த்துவிடுவோம்.

கிரானைட் லோடு ஏற்றிக்கொண்டு டெல்லிப் பக்கம் போவேன் ஐயா. மூன்றாம் நாளே மாற்று டிரைவரிடம் பேச விஷயம் தீர்ந்துவிடும். ஏழு மாதம் ஒரே டப்பாவுக்குள் இருப்பவர்களுக்குப் பைத்தியம் பிடிக்காதா?
– லாரி ஓட்டுநர், கிருஷ்ணகிரி

தம்பி, உங்களுக்காவது ரோடு மாறிக்கொண்டே இருக்கிறது. ஓசூர் தாண்டினால் போர்டில் கன்னடம், அப்புறம் தெலுங்கு, அப்புறம் இந்தி. டீயின் ருசி மாறும், டோல்கேட்டில் ஒருவனோடு சண்டை போடலாம், தாபாவில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டலாம். செவ்வாய்க்குப் போகிற வழியில் மைல்கல்கூடக் கிடையாது. புறப்பட்டுக் கொஞ்ச நாளில் பூமி சுருங்கி ஒரு நட்சத்திரம் மாதிரி ஆகிவிடும். ஜன்னலில் நேற்றுப் பார்த்த அதே கறுப்புதான் இன்றைக்கும்.

விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறார்களே, அவர்களுக்கு அலுக்கவில்லையே என்று கேட்கலாம். அது வேறு கதை. நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. ஒரு நாளைக்கு 16 முறை சூரியன் உதிக்கும். கீழே கடல், பாலைவனம், புயல், ராத்திரியில் ஊர்களின் விளக்கு. 2010-இல் ஏழு ஜன்னல் வைத்த ஒரு சின்ன மாடத்தைக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். ஓய்வு கிடைத்தால் ஆட்கள் அங்கே போய்த்தான் ஒட்டிக்கொள்கிறார்கள். அதுவும் ஓய்வு கிடைத்தால்தான். ஆராய்ச்சி, பழுது பார்ப்பது, தினமும் இரண்டு மணி நேர உடற்பயிற்சி, சனிக்கிழமை வீடு கூட்டுவது மாதிரி நிலையத்தைச் சுத்தம் செய்வது. அங்கே இருப்பவர்களின் புலம்பல் நேரம் போதவில்லை என்பதுதான்.

வேலையை அள்ளிக் கொட்டினால் சலிப்பு ஓடிவிடும் என்று நினைப்பதும் தப்பு. அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்துக்கு 1973 நவம்பரில் போன மூன்று பேருக்கு நிமிடக் கணக்கில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் பின்தங்கப் பின்தங்க, தரையிலிருந்து இன்னும் நெருக்கினார்கள். டிசம்பர் கடைசியில் இரண்டு பக்கமும் மனம்விட்டுப் பேசியபிறகு, சில வேலைகளை நேரம் குறிக்காமல் பட்டியலாக மட்டும் கொடுத்து, 'உங்களுக்குத் தோதான நேரத்தில் செய்யுங்கள்' என்று விட்டார்கள். வேலை நன்றாக நடந்தது. 84 நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் ரேடியோவை அணைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்ததாக ஒரு கதை இன்றைக்கும் சுற்றுகிறது. கதை நன்றாக இருக்கிறது, நடந்தது அதுவல்ல.

உங்கள் கேள்விக்கு நேர் பதில் மாஸ்கோவில் இருக்கிறது. 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை, 520 நாள், ஆறு ஆண்களை ஒரு போலிக் கப்பலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். மூன்று ரஷ்யர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு இத்தாலியர், ஒரு சீனர். கப்பல் தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பவில்லை. வெளியே பார்க்க ஜன்னல் இல்லை. 'செவ்வாயில் இறங்குவதாக' நடுவில் ஒரு மணல் அறையில் நடந்தார்கள். மணிக்கட்டில் கட்டிய கருவி அவர்கள் அசைவதையும் தூங்குவதையும் குறித்துக்கொண்டே இருந்தது. அடிதடி இல்லை, பைத்தியமும் இல்லை. ஆனால் மாதங்கள் போகப் போக ஆட்கள் மந்தமானார்கள். அசைவது குறைந்தது, படுப்பது கூடியது. ஒருவருக்கு ஒரு நாள் என்பதே 25 மணி நேரமாக நீண்டுவிட்டது. மற்றவர்கள் தூங்கும்போது அவர் விழித்திருப்பார், மற்றவர்கள் சாப்பிடும்போது இவருக்கு நடுராத்திரி. சலிப்பு சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை தம்பி, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கவைக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம், காட்டோரமாக எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. ராகி பால் பிடித்துவிட்டால் யானை இறங்கும் என்று, அறுப்பு முடிகிறவரை ராத்திரி பரண் காவல். பத்து வயதில் நானும் அடம்பிடித்து ஏறியிருக்கிறேன். யானை வரும் என்று நினைத்துத்தான் ஏறினேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பதினோரு ராத்திரி எதுவுமே வரவில்லை. குளிரும் கொசுவும்தான் வந்தன. கண்ணை மூடவும் முடியாது, பார்க்கவும் ஒன்றுமில்லை. என் கணக்கில் செவ்வாய்ப் பயணத்துக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. நடக்கக் கூடாத ஒன்று நடக்கிறதா என்று மாதக்கணக்கில் விழித்திருக்க வேண்டும்.

பக்கத்துப் பரணில் என் சித்தப்பா. அவரிடம் டிரான்சிஸ்டர் உண்டு. பாட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார், ஒன்பதரைக்கெல்லாம் குறட்டை. அப்பா கற்றாழை நாரை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு ஏறுவார். இருட்டிலேயே கை பாட்டுக்குக் கயிறு திரிக்கும், கண் காட்டைப் பார்க்கும். நடுநடுவே 'ஓய், முழிச்சிருக்கியா?' என்று சித்தப்பாவுக்கு ஒரு குரல். விடிந்து இறங்கும்போது அப்பா கையில் ஐந்தாறு முழம் புதுக் கயிறு இருக்கும். அப்படி ஏதாவது ஒரு கயிறு, செவ்வாய்க்குப் போகிறவர்கள் கையிலும் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். எது என்று கீழே பாருங்கள். பாலக்கோட்டுப் பெண் ஒருத்தி சரியாகக் கேட்டிருக்கிறாள்.

விண்வெளியில் செடி வளர்க்கிறார்களாமே? அது சாப்பாட்டுக்கா, பொழுதுபோக்குக்கா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாலக்கோடு

சாப்பாட்டுக்கு என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள் கண்ணு. 2015 ஆகஸ்டில், நிலையத்தில் விளைந்த சிவப்பு லெட்டூஸ் கீரையை ஆளுக்குக் கொஞ்சம் தின்றார்கள். அதில் யாருக்கு வயிறு நிறையும்? இருந்தாலும் செடி என்றால் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள். அந்த இரும்புக் கூட்டுக்குள் நேற்று இருந்த மாதிரி இன்றைக்கு இல்லாத ஒரே பொருள் அதுதானே. 1982-இல் சல்யூட்-7 நிலையத்தில் 211 நாள் இருந்த லெபெதேவ், பெரெசவோய் என்ற இரண்டு ரஷ்யர்களும் செடி வளர்த்தார்கள். அரபிடாப்சிஸ் என்கிற, கடுகு இனத்துச் சின்னச் செடி அங்கே பூத்து விதையும் வைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லியின் கதை. 2015 கடைசியில், நிலையத்தில் வளர்த்த ஜின்னியாச் செடிகளுக்கு ஈரம் அதிகமாகிப் பூஞ்சை பிடித்துவிட்டது. எப்போது தண்ணீர் விடுவது என்பதைத் தரையிலிருந்துதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெல்லி கேட்டார்: செவ்வாய்க்குப் போனால் செடிக்கு எப்போது தண்ணீர் என்று நாங்கள்தானே முடிவு செய்யவேண்டும், வீட்டுத் தோட்டத்தில் செடியைப் பார்த்துவிட்டுத்தானே ஊற்றுகிறோம் என்று. நியாயமான பேச்சு. பொறுப்பை அவரிடமே விட்டார்கள், கூடவே ஒரு பக்கத்தில் வளர்ப்புக் குறிப்பும் அனுப்பினார்கள். சில செடி போனது போனதுதான். மிஞ்சியவை 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் பூத்தன. அப்பாவின் கயிறு என்று மேலே சொன்னேனே, அது இதுதான். நேர அட்டவணை சொன்னபடி தண்ணீர் ஊற்றினால் அது வேலை. நாமே இலையைத் தொட்டுப் பார்த்து ஊற்றினால் மறுநாள் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

நம் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் மாதம் நிலையத்துக்குப் போனபோது பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்கவிட்டுப் பார்த்தாரே, படித்திருப்பாய்.

தக்காளி விளைகிற ஊர் உங்களுடையது என்பதால் தக்காளிக் கதை ஒன்று. 371 நாள் நிலையத்தில் இருந்த ஃபிராங்க் ரூபியோ, தான் வளர்த்த செடியிலிருந்து குட்டித் தக்காளியைப் பறித்துப் பையில் போட்டுவைத்தார். மிதந்து எங்கேயோ போய்விட்டது. மணிக்கணக்கில் தேடினார், கிடைக்கவில்லை. 'நீயே தின்றுவிட்டாய்' என்று கூட இருந்தவர்கள் கேலி. 2023 செப்டம்பரில் அவர் பூமிக்குத் திரும்பிவிட்டார், பழி மட்டும் திரும்பவில்லை. டிசம்பரில்தான் மேலே இருந்தவர்கள் கண்டெடுத்தார்கள், காய்ந்து சுருங்கிய நிலையில். விலை விழுந்தால் நம் மண்டிக்கு வெளியே கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போகிறோம். அங்கே குட்டித் தக்காளியை வைத்து மாதக்கணக்கில் சிரித்திருக்கிறார்கள்.

லீவு விட்டால் என் பையன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'போர் அடிக்குது' என்கிறான். ஆயிரம் சினிமாவும் கேமும் போட்டுக் கொடுத்தால் இவனை மாதிரி ஆட்களைக்கூடச் செவ்வாய்க்கு அனுப்பலாமா?
– இல்லத்தரசி, ஓசூர்

முதலில் அந்த வார்த்தையைப் பற்றி. எங்கள் சின்ன வயதில் 'போரடிப்பது' என்றால் களத்தில் கதிரைப் பரப்பி மாட்டைக் கட்டிச் சுற்றவிடுவது. இப்போது அதற்கும் மாடு இல்லை, ராகிக் கதிரை ரோட்டில் போட்டுப் போகிற வருகிற பஸ்ஸை ஏறவிடுகிறோம். அந்த மாட்டைக் கேட்டால் உங்கள் பையன் சொல்கிற அர்த்தமும் சரி என்றுதான் சொல்லும்.

சினிமா, பாட்டு, புத்தகம் எல்லாம் மேலே உண்டு அம்மா. கேடி கோல்மன் என்ற அமெரிக்க வீராங்கனை புல்லாங்குழலோடு போனார். 1965-இல் ஜெமினி-6 கப்பலில் ஒருவர் மவுத் ஆர்கனை ஒளித்துக் கொண்டுபோய்க் கிறிஸ்துமஸ் பாட்டு வாசித்தார். இத்தனைக்கும் அது ஒரு நாள் பயணம். 1970-இல் சோயுஸ்-9-இல் போன இரண்டு பேர், தரையில் இருந்த இரண்டு பேரோடு ரேடியோவிலேயே சதுரங்கம் ஆடினார்கள். காய் மிதந்து போகாதபடி பள்ளத்தில் சிக்கி நிற்கும் பலகை. ஆட்டம் டிரா. நம் ஆடுபுலி ஆட்டத்துக்கும் அப்படி ஒரு பலகை செய்துவிடலாம். பல்லாங்குழி மட்டும் வேண்டாம், புளியங்கொட்டை கண்ணில் பட்டுவிடும்.

ஆனால் இதெல்லாம் என் சித்தப்பாவின் டிரான்சிஸ்டர். சாயங்காலத்துக்குச் சரி, ராத்திரி முழுக்கத் தாங்காது. உங்கள் பையனை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். ஒரு தொட்டியில் வெந்தயம் போட்டு, தண்ணீர் ஊற்றுவதை அவன் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். நடுவில் நீங்கள் ஊற்றிவிடக் கூடாது. அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

தூங்கிக்கொண்டே போய்ச் சேர வழி இல்லையா?
– வாசகர், அரூர்

கரடி செய்கிறது. மாதக்கணக்கில் படுத்துவிட்டு எழுந்து நடக்கிறது. மனிதனை அப்படித் தூங்கவைத்து எழுப்பும் வித்தை இன்னும் கைக்கு வரவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது. நாம் சும்மா படுத்தாலே தசையும் எலும்பும் கரைகின்றன, அதற்காகத்தான் மேலே தினமும் இரண்டு மணி நேரம் ஓடவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டுப் பேசினால் பாதிச் சலிப்பு போய்விடாதா?
– கல்லூரி மாணவர், தருமபுரி

விண்வெளி நிலையத்தில் பேசலாம், பேசுகிறார்கள். செவ்வாயில் முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். செவ்வாய் மிகத் தள்ளி இருக்கும்போது சுமார் 40 கோடி கிலோமீட்டர். ரேடியோ அலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். வகுத்தால் 1,333 நொடி, அதாவது 22 நிமிடம். 'அம்மா, நல்லா இருக்கியா?' என்று கேட்டால் 'இருக்கேன்' என்ற பதில் வர முக்கால் மணி நேரம். கிட்டத்தில் வரும்போதுகூடப் போக மூன்று நிமிடம், வர மூன்று நிமிடம்.

இதையும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில், 1,700 சதுர அடி வீட்டுக்குள் நான்கு பேர் 378 நாள் இருந்தார்கள், 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை. நம் கணக்கில் நாலு சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. தரையோடு பேசினால் செவ்வாயில் ஆகிற அதே தாமதத்தோடுதான் பதில். அவர்களும் உள்ளே தக்காளியும் மிளகாயும் போட்டார்கள் என்பதைப் பாலக்கோட்டு மாணவிக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆக, அங்கே பேச்சு கிடையாது, கடிதம்தான். எனக்கு அதில் அனுபவம் உண்டு. 1983-இல் அஞ்செட்டியில் வேலை, வீட்டம்மா பாலக்கோட்டில். இன்லாண்டு லெட்டர் போய்ச் சேர நாலு நாள், பதிலுக்கு நாலு நாள். ஆரம்பத்தில் கேள்வியாகக் கேட்டு எழுதுவேன். பதில் வரும்போது என்ன கேட்டேன் என்பது எனக்கே மறந்திருக்கும். அப்புறம் பழகிவிட்டது. கேட்பதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தோம். பள்ளிக்கூட ஓட்டில் குரங்கு குதித்தது, இன்றைக்குப் பஸ் வரவில்லை, களி தீய்ந்துபோனது என்று. எழுதுவதற்காகவே நாள் முழுக்க எதையாவது பார்த்துவைப்பேன். அஞ்செட்டியில் அந்த ஒரு வருடம் எனக்கு அலுக்கவே இல்லை என்றால் அந்தக் கடிதங்கள்தான் காரணம். செவ்வாய்க்குப் போகிறவர்களுக்குக் கால் போடுவதைவிடக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுப்பது நல்லது என்பது என் கட்சி.

இந்தப் பதிலை எழுதி முடித்து வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கூப்பிட்டா முக்கால் மணி நேரம் கழிச்சுப் பதில் வரும்னா அதுக்கு எதுக்குங்க செவ்வாய்க்குப் போகணும்? பேப்பரை விரிச்சிட்டு நீங்க திண்ணையில உட்கார்ந்தா போதாதா?" என்றாள்.