லிக்டன்ஸ்டைன் நாடாளுமன்றம்: 25 பேரும் ஒரு கையெழுத்தும்

கேள்வி: சார், ஐரோப்பாவின் குட்டி நாடான லிக்டன்ஸ்டைனில் மொத்தம் எத்தனை எம்.பி.க்கள்?

பதில்: 25. தெற்கே ஓபர்லாண்டுக்கு 15, வடக்கே உண்டர்லாண்டுக்கு 10. தொகுதிகளே இந்த இரண்டுதான். 1989 தேர்தலுக்கு முன் மொத்தமே 15 இடங்கள். பதவிக்காலம் 4 ஆண்டு. முழுநேர வேலை கிடையாது. தொழிலைப் பார்த்துக்கொண்டே சபைக்கும் வருவார்கள்.

கேள்வி: ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடலாமாமே?

பதில்: போடலாம். கட்சிக்கு ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிடிக்காத பெயரை அடிக்கலாம். அதே தொகுதியில் நிற்கும் வேறு கட்சிக்காரர் பெயரை எழுதலாம். ஓபர்லாண்டில் ஒரு வாக்குச்சீட்டுக்கு 15 வாக்கு மதிப்பு. 12 பேர் உள்ள 'அ' கட்சிப் பட்டியலில் இரண்டு பேரை அடித்து, 'ஆ' கட்சிக்காரர் ஒருவரை எழுதினால் 'அ'வுக்கு 14, 'ஆ'வுக்கு 1. 15இல் பெயர் இல்லாமல் மீதமுள்ள 4 வரிகளும் அந்தப் பட்டியலின் கட்சிக்கே போய்விடும். பலர் குழம்புவது இங்கேதான்: பெயரை அடித்தால் அந்த வேட்பாளருக்குத்தான் நஷ்டம், கட்சிக்கு அல்ல. கட்சியைத் தண்டிக்க வேண்டுமானால் வேறு கட்சிப் பெயரை எழுத வேண்டும். நாடு முழுக்க 8 சதவீதம் எட்டாத கட்சிக்கு இடமே இல்லை.

கேள்வி: இவ்வளவு சின்னச் சபையில் நாலு பேர் லீவு போட்டால்?

பதில்: மாற்று உறுப்பினர் வந்து உட்கார்ந்து வாக்களிப்பார். தொகுதியில் ஒரு கட்சி பெறும் ஒவ்வொரு 3 இடத்துக்கும் ஒருவர். ஒரே இடம் கிடைத்தாலும் ஒருவர் உண்டு. முடிவெடுக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 17 பேர் சபையில் இருக்க வேண்டும். நம் ஊரில் மாற்று உறுப்பினர் என்ற ஏற்பாடே இல்லை.

கேள்வி: சபை நிறைவேற்றிய சட்டத்தை மன்னர் நிறுத்த முடியுமா ஐயா?

பதில்: மறுக்கக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். 6 மாதத்துக்குள் ஒப்புதல் வராவிட்டால் நிராகரித்ததாகக் கணக்கு. மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்த சட்டத்துக்கும் இதே விதி. 2011இல் கருக்கலைப்பைக் குற்றமில்லாமல் ஆக்கும் யோசனை மீதான வாக்கெடுப்புக்கு முன்பே, கையெழுத்திட மாட்டேன் என்று, மன்னர் சார்பில் ஆட்சிப் பணிகளைப் பார்க்கும் இளவரசர் அலோயிஸ் சொல்லிவிட்டார். அந்த யோசனை வாக்கெடுப்பிலும் தோற்றது. இந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட 2012இல் வந்த முன்மொழிவை 76 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். வெளியாருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அது மக்கள் தீர்ப்பு.

கேள்வி: அப்படியானால் மன்னரைத் தட்டிக்கேட்க வழியே இல்லையா?

பதில்: உண்டு. 1,500 குடிமக்கள் காரணம் காட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தால், சபை தன் கருத்தைச் சொல்லி வாக்கெடுப்புக்கு விட வேண்டும். அது ஜெயித்தாலும் அடுத்த முடிவு அரச குடும்பச் சட்டப்படி அந்தக் குடும்பத்தாரிடம்தான். அதை 6 மாதத்துக்குள் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். முடியாட்சியையே ஒழிப்பதற்கு வேறு பிரிவு இருக்கிறது. அதற்கும் 1,500 பேர்தான்.