மத்தியானம் வீடு திரும்பும் பிள்ளை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி. இப்போது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம். மகள் செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். ஐந்து வாரம் ஆகிறது, வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார் டீச்சர். டப்பாவில் வைத்த ரொட்டி அப்படியே திரும்பி வருகிறது. 12 மணிக்கே பள்ளிக்கூடம் விட்டுவிடுவதால் நேரம் வீணாகிறதே என்று மத்தியானத்துக்கு ஜெர்மன் ட்யூஷன், ஆன்லைனில் கணக்கு, பாட்டு என்று போட்டுவிட்டோம். ஆச்சியோடு பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகிவிட்டது. தமிழுக்கும் ஒரு வகுப்பு சேர்க்கலாமா? சித்திரையில் கோயில் கொடைக்கு ஊருக்கு வரவும் ஆசை. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

சேர்க்க வேண்டாம். இருக்கிற மூன்றில் இரண்டையாவது நிறுத்திவிடுங்கள்.

புது மொழிக்குள் போகிற பிள்ளைகள் பலர் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் வழக்கம்போல வாயடிக்கிறாள் என்றால் பயப்படாதீர்கள், உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஆறாம் வகுப்புக்குப் பத்தமடையிலிருந்து பாளையங்கோட்டைக்கு, இங்கிலீஷ் மீடியத்துக்கு வந்தவன். அரை வருஷம் பேசவில்லை. தங்கியிருந்த வீட்டில் சித்தி ஒரு நாளும் “இன்னைக்கு என்னல படிச்ச” என்று கேட்டதில்லை. சாப்பாடு போட்டுவிட்டு, சுளகில் முருங்கைக்கீரையைக் கொட்டி என் முன்னால் தள்ளிவிடுவாள். ஈர்க்கைப் பிடித்து உருவ உருவ, பாதிக் கீரை முடிவதற்குள், பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கியது, வாத்தியார் கேட்டதற்குப் பதில் தெரிந்தும் எழுந்திருக்காமல் இருந்தது எல்லாம் தானாக வாயில் வந்துவிடும். சித்தி தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள், “ம்” மட்டும்தான்.

அந்த மாதிரி ஒரு நேரம் உங்களுக்குத் தினமும் கிடைக்கிறது. ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம் என்பது பழைய வழக்கம். வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிடுவது மத்தியானம்தான், ராத்திரிக்கு ரொட்டியும் சீஸும் போதும் என்கிற பழக்கம் இன்றைக்கும் பல வீடுகளில் உண்டு. இடைவேளை டப்பாவுக்கு ஒரு தோசையைப் பொடி தடவிச் சுருட்டி வையுங்கள். 12 மணிக்கு மேல் சோறும் சொதியும் போடுங்கள், டின் தேங்காய்ப்பாலில் வைத்தாலும் சொதி சொதிதான். அப்புறம் பீன்ஸோ பட்டாணியோ முன்னால் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள்.

ஆச்சிக்கும் அந்த நேரம்தான் தோது. உங்கள் மத்தியானம் 1 மணி இங்கே மாலை 4.30, காப்பி குடித்துவிட்டு ஆச்சி சும்மா இருக்கிற நேரம். இன்னும் சில நாளில், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதே 1 மணி இங்கே 5.30 ஆகிவிடும். ட்யூஷன் எல்லாம் முடிந்து நீங்கள் 6 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ராத்திரி 10.30, ஆச்சி ஒரு தூக்கம் தூங்கியிருப்பார்கள். அதனால் போனை மேஜையில் சாய்த்து வைத்துவிடுங்கள், அவர்கள் அங்கே பூத் தொடுக்கட்டும், இவள் இங்கே பட்டாணி உரிக்கட்டும், “ஆச்சிகிட்ட பேசு, பேசு” என்று மட்டும் நெருக்காதீர்கள். வாரியல், ஏனம், சுளகு என்று ஆச்சி பேச்சுவாக்கில் சொல்கிற சொல்லை எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள், அதை இழந்தால் எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கும்.

ஜெர்மன் காலை முழுக்கக் காதில் விழுகிறது, போதும். வாரத்துக்கு ஒரு நாள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை விளையாட வீட்டுக்குக் கூப்பிடுங்கள், ட்யூஷனைவிட அது நன்றாக வேலை செய்யும்.

கொடை விஷயம். அங்கே பள்ளிக்கூடம் போவது சட்டப்படி கட்டாயம், இஷ்டத்துக்கு லீவு போட்டால் அபராதம்கூட வரும். சித்திரையை விட்டுவிடுங்கள். உங்கள் மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் நடு வரை போகிறது, ஆடிக் கொடைக்குத் தாராளமாக வரலாம்.

கடிகாரம் மாறுகிற ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை 4.30 மணிக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி